வேப்பிங் திரவப் பாட்டில்களைக் கழுவி மறுபடி பயன்படுத்துதல்: எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை எறிய வேண்டும்?

முகில் எழுதியது:

வீட்டிலேயே வேப்பிங் திரவம், அதாவது மின்சிகரெட்டில் ஆவியாக்கி இழுக்கும் திரவம், கலப்பவர்களிடம் காலிப் பாட்டில்கள் குவிந்துவிடுவது இயல்பு. என்னிடம் இப்போது மூன்று வகைகள் சேர்ந்திருக்கின்றன: சொட்டுக்குழாய் மூடியுடன் கூடிய பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள், பிதுக்கிச் சொட்டவிடும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில்கள், செறிவான சுவைச்சாறுகள் அடைத்து வந்த சிறு குப்பிகள். இவற்றை எப்படிக் கழுவுவது என்று தேடினால் ஒன்றுக்கொன்று முரணான அறிவுரைகளே கிடைக்கின்றன. வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும் என்கிறார் ஒருவர். ஆல்கஹாலில் ஊறவைக்காத பாட்டிலைத் தொடவே கூடாது என்கிறார் மற்றொருவர். குழந்தைகளின் பால் பாட்டிலைப் போலக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் அறிய விரும்புபவை இவை. முந்தைய சுவை அடுத்த கலவைக்குள் வராமல் தடுக்க உண்மையில் என்ன செய்ய வேண்டும்? கொதிநீர் அவசியமா? உள்ளே சில துளி நீர் தங்கிவிட்டால் கலவை கெட்டுவிடுமா?

ஆய்வகத்தார் எழுதியது:

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். பாட்டிலின் உட்சுவரில் ஒட்டியிருப்பது வேறு. சுவருக்குள்ளேயே புகுந்துவிட்டது வேறு.

ஒட்டியிருப்பதை நீக்குவது மிக எளிது. பி.ஜி. எனப்படும் புரோப்பிலீன் கிளைக்காலும் வி.ஜி. எனப்படும் காய்கறிக் கிளிசரினும் நீருடன் எந்த விகிதத்திலும் கலந்துவிடும். கிளிசரின் கெட்டியாக இருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது எண்ணெயே அன்று. நிகோடினும் நீரில் கரைவதுதான். எனவே வெதுவெதுப்பான நீரில் கிளிசரின் இளகி வந்துவிடும், அதற்குக் கொதிநீர் தேவையில்லை.

எத்தனை முறை அலச வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 60 மில்லி பாட்டிலைக் கவிழ்த்து வடித்தபின் உள்ளே அரை மில்லி திரவம் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். 15 மில்லி நீரூற்றி நன்றாகக் குலுக்கிக் கொட்டி வடித்தால், பழைய திரவத்தில் 31-இல் ஒரு பங்குதான் எஞ்சும். அதையே மும்முறை செய்தால் எஞ்சுவது ஏறத்தாழ 30,000-இல் ஒரு பங்கு. அதே 45 மில்லி நீரையும் ஒரே தடவையில் செலவழித்திருந்தால் 91-இல் ஒரு பங்கு தங்கியிருக்கும். ஆகவே குழாயைத் திறந்துவிட்டு நீண்ட நேரம் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, சிறிது நீரூற்றிக் குலுக்கி முழுதும் வடிப்பதைச் சிலமுறை திரும்பச் செய்வதே பயன் தரும். வடிப்பதில் அவசரப்படுபவர்கள் இந்தக் கணக்கின் பலனை இழக்கிறார்கள்.

சுவருக்குள் புகுந்துவிட்டதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சுவைச்சாறுகளில் உள்ள மணப்பொருள்கள் பலவும் நீரைவிட எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்களோடு எளிதில் சேர்பவை. மெந்தால், சோம்பு மணத்துக்குக் காரணமான அனெத்தோல், லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சை இனத் தோல்களில் உள்ள லிமோனீன் ஆகியவை மெல்லிய பாலிஎத்திலீன் சுவருக்குள் மெல்ல ஊடுருவி அங்கேயே தங்கிவிடும். கழுவி முடித்ததும் மணமே இல்லாதது போலத் தோன்றும். அடுத்த கலவையை ஊற்றிச் சில நாள்கள் ஊறவைத்தபின் அது சுவரிலிருந்து திரும்ப வெளியே வரும். கண்ணாடியில் இந்த ஊடுருவல் நடப்பதில்லை. அதனால்தான் கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றும், மெல்லிய பிளாஸ்டிக்கை ஒரே சுவைக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

வெண்புகை எழுதியது:

ஆய்வகத்தார் சொன்ன ஊடுருவலைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கழுவி நன்றாகக் காய்ந்த பாட்டிலை இறுக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒருநாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் மூடியைத் திறந்த அக்கணமே முகர்ந்து பார்த்தால், சுவருக்குள் இருந்த மணம் உள்ளிருக்கும் காற்றில் சேர்ந்திருப்பது தெரியும். கழுவிய ஈரத்தோடு முகர்ந்து முடிவெடுப்பதில் பொருளில்லை. இந்தச் சோதனையில் மணம் வந்தால், அந்தப் பாட்டிலை அதே சுவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்; வெண்ணிலா மணம் வந்த பாட்டிலில் மீண்டும் வெண்ணிலாவையே ஊற்றுவதில் யாருக்கும் நட்டமில்லை. மெந்தாலும் சோம்பும் இருந்த பிளாஸ்டிக்கை நான் சோதிப்பதுகூடக் கிடையாது, நேரே குப்பைக்குத்தான்.

கொதிநீரைப் பொறுத்தவரை, முதலில் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட் (PET) எனப்படும் பிளாஸ்டிக் வகை. அது ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்கிவிடும். கொதிநீரை ஊற்றினால் சுருங்கிக் கோணலாகிவிடும். 4 என்றால் குறை அடர்த்திப் பாலிஎத்திலீன், அதாவது பிதுக்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை. கொதிநீரில் அதுவும் உருக்குலையும், கழுத்துப் பகுதி சற்றே வளைந்தாலும் மூடி சரியாக அமராது. 5 என்றால் பாலிபுரோப்பிலீன். அதன் உருகுநிலை 160 டிகிரி அளவில் இருப்பதால் கொதிநீரைத் தாங்கும். 6 என்று போட்டிருந்தால் அது பாலிஸ்டைரீன். லவங்கப்பட்டையும் எலுமிச்சை வகைச் சுவைகளும் அதில் விரிசல் விழச் செய்துவிடும் என்பதால், கழுவுவதற்கு முன்பே, திரவம் ஊற்றும் எண்ணத்தையே கைவிட வேண்டிய பொருள் அது.

முகில் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கிருமி நீக்கம் என்பதே தேவையற்றதா? பால் பாட்டில்களுக்கான குளோரின் மாத்திரைகளைச் சிலர் பரிந்துரைப்பதைப் பார்த்தேன்.

ஆய்வகத்தார் எழுதியது:

தேவையற்றது என்றே கருதுகிறேன். கிருமிகள் பெருகத் தடையற்ற நீர் வேண்டும். பி.ஜி.யும் வி.ஜி.யும் நீரைத் தம்மிடம் ஈர்த்துப் பிடித்துக்கொள்பவை, ஆகவே நீர் அதிகம் சேர்க்காத கலவையில் பூஞ்சையோ பாக்டீரியாவோ வளர்வது அரிது. பால் பாட்டிலின் நிலை அதற்கு நேர்மாறானது. அங்கே சர்க்கரையும் புரதமும் நீரும் ஒன்றாகக் காத்திருக்கின்றன. ஆபத்து வேறொரு வேளையில் வருகிறது. கழுவிய பாட்டிலை ஈரம் உலரும் முன் மூடி அலமாரியில் வைத்தால், அந்த வெறும் நீர்த்துளிகளில் பூஞ்சை மணம் பிறக்கும். எனவே நீங்கள் முதலில் கேட்ட நீர்த்துளிக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. உடனே கலவை ஊற்றுவதாக இருந்தால் ஓரிரு துளி நீரால் குறிப்பிடத்தக்க கெடுதல் எதுவும் இல்லை. எடுத்து வைப்பதாக இருந்தால், ஒரு துளிகூட இருக்கக் கூடாது.

குளோரின் கலந்த வெளுப்பு நீரைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வினிகர் போன்ற அமிலத்துடன் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஆல்கஹாலுடன் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற கேடான சேர்மங்கள் உருவாகும். பாட்டில் கழுவுபவர்கள் வினிகர், ஆல்கஹால், வெளுப்பு நீர் ஆகியவற்றை ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் வழக்கமுடையவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆல்கஹாலின் இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். சோப்பு நீரில் போகாத மணப்பொருள் கண்ணாடியில் படலமாக எஞ்சினால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிதளவு ஊற்றிக் குலுக்கி, சில நிமிடங்கள் விட்டு, கொட்டிவிடலாம். மெந்தாலும் வெண்ணிலினும் நீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். 70 சதவீதக் கரைசல் கிருமிநாசினியாகச் சிறந்தது என்பது உண்மைதான். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது கரைக்கும் திறன் என்பதால் 99 சதவீதமே ஏற்றது. பின்னர் காய்ச்சி வடித்த நீரில் அலசிக் காயவிட வேண்டும். ஆல்கஹால் ஈரமிருக்கும் பாட்டிலை அடுப்பருகிலோ சூடேற்றும் ஓவனிலோ வைப்பது கூடவே கூடாது. அதன் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது.

பழம்புட்டி எழுதியது:

கண்ணாடியைப் பற்றி எல்லோரும் உறுதியாகப் பேசுகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடிப் பாட்டிலில் கண்ணாடியல்லாத ஒரு பகுதி இருக்கிறதே, அதை யாரும் இன்னும் தொடவில்லை. சொட்டுக்குழாய் மூடி மூன்று துண்டுகளால் ஆனது: திருகும் வளையம், கண்ணாடிக் குழல், மேலே உள்ள ரப்பர் குமிழ். பாட்டிலைப் படுக்க வைத்திருந்தாலோ குமிழை அழுத்தும்போது திரவம் மேலேறியிருந்தாலோ குமிழின் உட்புறம் முழுவதும் நனைந்திருக்கும். பிளாஸ்டிக்கையும்விட மணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது ரப்பர்தான். பாட்டிலைப் பளபளவென்று கழுவிவிட்டுப் பழைய குமிழையே மாட்டினால், செய்த வேலை அத்தனையும் வீண்.

குழலைப் பிடித்து மெல்லத் திருகியபடி இழுத்தால் மூன்றும் தனித்தனியாக வந்துவிடும். குழல் மெல்லியது என்பதால் அதைத் துணியில் சுற்றிப் பிடிப்பது நல்லது. உடைந்தால் விரலில் ஏறும். குழலையும் வளையத்தையும் கழுவி வைத்துக்கொள்ளலாம். குமிழை வைத்துக்கொள்வது என் கணிப்பில் அநேகமாகப் பயனற்றது. அது ஒட்டும் தன்மையடைந்திருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ விவாதத்துக்கே இடமில்லை. நெடுநாள் வைத்திருக்கப் போகும் கலவைக்குச் சொட்டுக்குழாயை விட்டுவிட்டு, உட்புறம் அடைப்பு வைத்த சாதாரணத் திருகுமூடியைப் போடுவது இன்னும் மேல். காற்று புகுந்தால் நிகோடின் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் கருத்துக் காரமேறும்; ரப்பர் குமிழ் காற்றை முழுமையாகத் தடுப்பதில்லை.

இன்னொன்று: குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றாதீர்கள். சாதாரணக் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. கொதிக்க வைத்தே தீர வேண்டுமென்றால், பாட்டிலைக் குளிர்ந்த நீரில் இட்டு இரண்டையும் சேர்த்தே சூடாக்க வேண்டும்.

தாரணி எழுதியது:

சுவையைப் பற்றியே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலின் முதல் தகுதி அதன் மூடி என்பதை இந்த இழையில் யாராவது சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன்.

அழுத்தித் திருகும் மூடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு ஓடுகளால் ஆனவை. அழுத்தினால்தான் வெளி ஓட்டின் பற்கள் உள் ஓட்டைப் பிடிக்கும். அழுத்தாமல் திருப்பினால் வெளி ஓடு சும்மா சுழலும். பலமுறை திறந்து மூடிய மூடியில் இந்தப் பற்கள் தேய்ந்தோ, கசிந்த கிளிசரின் இரண்டு ஓடுகளுக்கும் இடையில் புகுந்து ஒட்டிக்கொண்டோ, அழுத்தாமலேயே திறந்துவிடும் நிலை வரும். பாட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூடி அந்த நிலைக்கு வந்தபின் அதில் நிகோடின் கலந்த திரவம் ஊற்றக் கூடாது. மறுபடி மூடக்கூடிய குழந்தைத் தடுப்பு மூடிகளைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8317 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. அமெரிக்காவில் திரவ நிகோடின் பாட்டில்களுக்கு அத்தகைய மூடியைக் கட்டாயமாக்கிய சட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணையும் நிகோடின் திரவப் பாட்டிலுக்குக் குழந்தைத் தடுப்பு மூடியைக் கோருவதோடு, ஒரு பாட்டிலின் கொள்ளளவை 10 மில்லிக்கும் நிகோடின் செறிவை மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கும் மட்டுப்படுத்துகிறது. வேப்பிங்கையே தடைசெய்துள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழுவும்போது அந்த இரண்டு ஓடுகளுக்கு இடையிலும் நீர் புகும். பாட்டில் காய்ந்த பிறகும் மூடியின் இடுக்கில் ஈரம் நாள்கணக்கில் தங்கியிருக்கும். மூடியை உதறி, வாய் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாற்றி மாற்றி வைத்துக் காயவிட வேண்டும்.

முகில் எழுதியது:

மூடியை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. இன்றே எல்லாவற்றையும் அழுத்தாமல் திருப்பிப் பார்த்துவிடுகிறேன். சுவைச்சாறுக் குப்பிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நிகோடின் மூலக்கரைசல் வந்த பாட்டில் ஒன்றும் இருக்கிறது. அது நல்ல கனமான கண்ணாடி, எறிய மனம் வரவில்லை.

ஆய்வகத்தார் எழுதியது:

அந்தக் கண்ணாடியை எறிந்துவிடுங்கள் என்றே சொல்வேன். கணக்கைப் பாருங்கள். மில்லிக்கு 3 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவப் பாட்டிலில் 1 மில்லி எஞ்சினால் அதில் 3 மில்லிகிராம் நிகோடின்தான் இருக்கும். மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள மூலக்கரைசலில் அதே 1 மில்லி எஞ்சினால் 100 மில்லிகிராம். வளர்ந்தவர் ஒருவரின் உயிருக்கு 60 மில்லிகிராமே போதும் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த அளவு பிற்கால ஆய்வில் கேள்விக்குள்ளாகி, உண்மை அளவு அதைவிடப் பலமடங்கு இருக்கலாம் என்று காட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறு குழந்தைக்கு ஆபத்தாக அதில் ஒரு சிறு பகுதியே போதும். மூன்று முறை அலசினால் பாட்டில் தூய்மையாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த முதல் அலசல் நீர் உங்கள் கைகளின் வழியாகவும் கழுவுதொட்டியின் வழியாகவும்தான் போக வேண்டும். நிகோடின் தோல் வழியே உடலில் ஏறும். ஒரு பாட்டிலை மிச்சப்படுத்த அது தேவையில்லாத வேலை.

சாதாரணச் செறிவுள்ள பாட்டில்களைக் கழுவும்போதும் நைட்ரைல் கையுறை அணிவது நல்லது. எஞ்சிய திரவத்தை முதலில் காகிதத்திலோ உறிஞ்சும் வேறு பொருளிலோ வடித்து, மூடிய உறையில் இட்டு, உங்கள் ஊரில் அபாயக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் இடமிருந்தால் அங்கே கொடுத்துவிட வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிகோடினைப் பி075 என்ற குறியீட்டில் கடும் நச்சுக் கழிவுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது; அந்த விதி நிறுவனங்களுக்கானதே, வீட்டுக் குப்பைக்கு விலக்கு உண்டு. எனினும் பொருளின் தன்மை என்னவென்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சுவைச்சாறுக் குப்பிகளில் முழுச் செறிவுச் சாறு மாதக்கணக்கில் கிடந்திருக்கும். அதே சாற்றை மறுபடி நிரப்புவதற்கல்லாமல் வேறெதற்கும் அவை ஆகா.

வெண்புகை எழுதியது:

ஒட்டுத்தாளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பழைய ஒட்டுத்தாளின் பிசினை எடுக்கச் சமையல் எண்ணெயையும் சோடா உப்பையும் குழைத்துத் தேய்க்கும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மூடி இறுக மூடியிருக்கும்போது, பாட்டிலின் உட்புறத்தைக் கழுவுவதற்கு முன்பே, அதைச் செய்து முடித்துவிட வேண்டும். உள்ளே எண்ணெய் புகக் கூடாது. எண்ணெய்ப் பொருளை ஆவியாக்கி மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது. 2019-இல் அமெரிக்காவில் பரவிய வேப்பிங் சார்ந்த நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனதாகவும் அவர்களில் 68 பேரின் இறப்பு உறுதிசெய்யப்பட்டதாகவும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அதோடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் எண்ணெய்த்தன்மையுள்ள பொருளே. அது கஞ்சாச் சாற்றுத் திரவங்களில் கலக்கப்பட்டது, நம் பாட்டில் ஒட்டுத்தாளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் வீட்டில் கலப்பவர் எண்ணெயை அண்டவிடாமல் இருப்பதற்கு அதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

பழைய ஒட்டுத்தாளை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதில் சுவையின் பெயர், நிகோடின் அளவு, பி.ஜி.-வி.ஜி. விகிதம், கலந்த தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். நிகோடின் இல்லாத கலவையாக இருந்தாலும் சுழியம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டதை இல்லை என்று பொருள் கொள்ள முடியாது.

பழம்புட்டி எழுதியது:

ஒரு கருத்து வேறுபாடு. மெல்லிய பிளாஸ்டிக்கை முற்றிலும் ஒதுக்கும் அளவுக்கு நான் போகமாட்டேன். வெளியே எடுத்துச் செல்ல, கீழே விழுந்தாலும் உடையாத, ஒரு கையால் பிதுக்கி நிரப்பக்கூடிய பாட்டில் வேண்டும். கலவையைக் கண்ணாடியில் ஊறவைத்து, ஒருசில நாள்களுக்கு வேண்டிய அளவை மட்டும் பிளாஸ்டிக்கில் மாற்றிக்கொண்டால் சுவருக்குள் ஊடுருவ அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை எத்தனை முறை கழுவினோம் என்பதைவிட, திரவம் அதில் எவ்வளவு காலம் இருந்தது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஆய்வகத்தார் எழுதியது:

ஏற்கிறேன். வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊடுருவல் வேகமாக நடக்கும்.

முகில் எழுதியது:

கடைசியாக ஒன்று. பேனா போல நீண்டிருக்கும் பிதுக்குப் பாட்டில்களின் சொட்டுமுனையைக் கழற்றாமல் உட்புறத்தைக் கழுவ முடியவில்லை. கழற்றினால் திரும்ப மாட்டும்போது கசியுமா?

பழம்புட்டி எழுதியது:

எப்படிக் கழற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கத்தியாலோ பல்லாலோ நெம்பினால் முனையின் அடிவளையம் நசுங்கி, அதன்பின் கசிந்துகொண்டேதான் இருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, முனையின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் தானாகவே வெளியே வந்துவிடும். முனையின் நுண்துளையில் கிளிசரின் தங்கியிருக்கும். பாட்டிலைப் பாதி நீர் நிரப்பி, முனையை மாட்டி, பிதுக்கிப் பிதுக்கி அத்துளை வழியே நீரைப் பாய்ச்சினால்தான் அது போகும். காய்ந்தபின் மறுபடி மாட்டும்போது சட்டென்று அமரும் ஒலி கேட்க வேண்டும். பிறகு வெறும் நீரூற்றி, கவிழ்த்துப் பிடித்து, நன்றாகப் பிதுக்கிப் பாருங்கள். நீர் துளை வழியாக மட்டும் வந்தால் பாட்டில் உங்களுடையது. கழுத்தைச் சுற்றி ஈரம் கண்டால் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.